எம்எஸ்விசியா, மின்ஜிடபிள்யூவா? தண்ணீர்ப் பந்தல் லப்டொப்புக்கு எந்த பைலைப் போடுவது

#1 மைக்செட்காரன் (முள்ளியவளை)

எல்லோருக்கும் வணக்கம். நான் சவுண்ட் சேர்விஸ் செய்கிறவன். கலியாணம், கோயில், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எதற்கும் பொக்ஸ் கட்டுவேன். கொம்பியூட்டர் எனக்குப் பாட்டுப் போடுகிற பெட்டி மட்டும்தான். ஆகையால் விளக்கம் சொல்கிறவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து சொல்லுங்கள்.

ஒரு இலவசப் பாட்டுப் பிளேயர் பாவிக்கிறேன். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இழை முழுக்க அது நல்லதா கூடாதா என்று போய்விடும். அதன் டவுன்லோட் பக்கத்தில் விண்டோசுக்கு மட்டும் நாலு பைல் கிடக்கிறது. எம்எஸ்விசி எக்ஸ்64, எம்எஸ்விசி எக்ஸ்86, மின்ஜிடபிள்யூ எக்ஸ்64, பிறகு டிபக் என்று ஒரு பெரிய பைல். நாலும் ஒரே பிளேயர், ஒரே பதிப்பு. அப்படியென்றால் ஏன் நாலு?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போனமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்கு எங்கள் ஒழுங்கை முகப்பில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். வீட்டு லப்டொப்பில் ஒரு கரைச்சலும் இல்லாமல் ஓடுகிற பிளேயர், பந்தலுக்குக் கொண்டுபோன இரண்டாவது லப்டொப்பில் திறக்கவே இல்லை. ஏதோ ஒரு டிஎல்எல் இல்லை என்று பெட்டி காட்டிவிட்டு நின்றுவிட்டது. ஜெனரேற்றர் ஓடுகிறது, பொக்ஸ் இரைகிறது, பாட்டு மட்டும் இல்லை. உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற ஊரில் ஒரு டிஎல்எல் இல்லாமல் அம்மன் பாட்டு நிற்கிறது. கடைசியில் போனைக் கொழுவிச் சமாளித்தேன். தாலாட்டுக்கு நடுவில் சவர்க்கார விளம்பரம் போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பக்கத்துக் கடைத் தம்பி "மின்ஜிடபிள்யூ போடுங்கோ அண்ணை, அது ஒன்றும் கேட்காது" என்கிறான். சரியா?

#2 பாலைப்பழம் (வவுனியா)

விண்டோஸ் மைக்ரோசொப்ட் செய்தது. எம்எஸ்விசி என்பது மைக்ரோசொப்டின் விசுவல் சி++ கொம்பைலர், அதாவது எழுதிய புரோகிராமை மெசின் ஓட்டுகிற பைலாகக் கட்டுகிற கருவி. வீட்டைக் கட்டியவனே செய்த கதவு இருக்கும்போது வேறு கதவு எதற்கு? எம்எஸ்விசி எக்ஸ்64 போடுங்கள், இழையை மூடுங்கள்.

#3 முதிரை (ஒட்டுசுட்டான்)

பாலைப்பழம் அண்ணை எப்போதும் இப்படித்தான், பைலைப் பார்க்க முதல் கொம்பனியைப் பார்ப்பார்.

மின்ஜிடபிள்யூ என்பது ஜிசிசி கொம்பைலரை விண்டோசுக்குக் கொண்டுவந்த வடிவம். ஜிசிசி 1987இல் வெளிவந்தது. விசுவல் சி++ முதல் பதிப்பு 1993இல்தான் வந்தது. லினக்சில் எழுதுகிற ஆட்கள் தங்கள் புரோகிராமை விண்டோசிலும் ஓடவைக்க இதைத்தான் பிடித்தார்கள். லினக்சில் இருந்துகொண்டே விண்டோஸ் பைலை உண்டாக்கலாம், விண்டோஸ் மெசினே தேவையில்லை. நீங்கள் பாவிக்கிற பாதி இலவசச் சாமான்கள் அப்படி வந்தவைதான். "வேறு கதவு" என்று தள்ளிவைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

கடைத் தம்பி சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மின்ஜிடபிள்யூ பில்டில் (பில்ட் என்றால் ஒரு கொம்பைலரில் கட்டிய வடிவம்) அதற்கு வேண்டிய மூன்று நான்கு டிஎல்எல், அதாவது புரோகிராம் துணைக்குக் கூப்பிடுகிற பைல்கள், அதே போல்டருக்குள்ளேயே வரும். திறந்து பாருங்கள்: லிப்எஸ்டிடிசி++-6, லிப்ஜிசிசி, லிப்வின்பிதிரெட் என்று கிடக்கும். கட்டுச்சோற்றோடு வருகிற விருந்தாளி மாதிரி.

#4 குளக்கட்டு (முத்தையன்கட்டு)

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மைக்செட் அண்ணை, இரண்டு கேள்வி.

பெட்டியில் வந்த டிஎல்எல்லின் பெயர் என்ன, எழுத்துக்கு எழுத்து? இரண்டாவது லப்டொப்பில் பிளேயரை எப்படிப் போட்டீர்கள்? செட்டப் பைலை ஓடவிட்டீர்களா, வீட்டு லப்டொப்பிலிருந்து போல்டரைப் பென்ரைவில் கொப்பி பண்ணினீர்களா?

#5 மைக்செட்காரன்

போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். விசிரன்டைம்140, அடிக்கோடு, 1, டொட் டிஎல்எல்.

ஓம், கொப்பிதான் பண்ணினேன். புரோகிராம் பைல்சுக்குள் இருந்த போல்டரை அப்படியே. பந்தலில் ஏது இன்ரநெற்? போன் சிக்னலே ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிற இடம்.

#6 நெற்கதிர்

அந்த டிஎல்எல் பெயரைத் தேடினால் தனியாக டவுன்லோட் பண்ணத் தருகிற தளம் எத்தனையோ இருக்கிறது. எடுத்து விண்டோசின் சொந்த போல்டரான சிஸ்டம்32க்குள் போட்டால் சரி. நான் எத்தனையோ தரம் செய்திருக்கிறேன்.

#7 முதிரை

தம்பி, அது ரோட்டில் கிடந்த சாவியை எடுத்து வீட்டுக் கதவுக்குப் போடுகிற வேலை. யார் வைத்த பைல், எந்தப் பதிப்பு, உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது. அதுவும் சிஸ்டம்32க்குள்! தயவுசெய்து வேண்டாம்.

#8 குளக்கட்டு

நெற்கதிர், முதிரை சொன்னதுதான். அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

சி++இல் எழுதிய எந்தப் புரோகிராமும் தனியாக ஓடாது. நினைவகம் கேட்பது, பைல் திறப்பது, தவறு நடந்தால் சமாளிப்பது போன்ற பொதுவேலைகளுக்கு ஒரு துணைத் தொகுதி வேண்டும். ரன்டைம் என்பது அதைத்தான். ஒவ்வொரு கொம்பைலரும் தன் ரன்டைமைத்தான் கேட்கும்.

எம்எஸ்விசியின் ரன்டைம் இரண்டு துண்டு. ஒரு துண்டு யூசிஆர்டி, 2015இல் வந்தது, விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. மற்றத் துண்டு விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 முதலியவை. இவை விண்டோசோடு வருவதில்லை. "விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்று மைக்ரோசொப்ட் தருகிற தனிப் பொதியைப் போட்டால்தான் வரும். உங்கள் வீட்டு லப்டொப்பில் பிளேயரின் செட்டப் அதைச் சத்தமில்லாமல் போட்டிருக்கும், அல்லது வேறு ஏதாவது கேம் போட்டிருக்கும். நீங்கள் கொப்பி பண்ணியது பிளேயரின் போல்டரை மட்டும். பொதி வீட்டிலேயே நின்றுவிட்டது.

இப்போது அந்த அடிக்கோடு ஒன்றுக்கு வாருங்கள், எனக்குப் பிடித்த இடம் இதுதான். 2015 பொதியில் விசிரன்டைம்140 உண்டு, விசிரன்டைம்140_1 கிடையாது. விசுவல் ஸ்ரூடியோ 2019 காலத்தில் 64 பிட் புரோகிராம்கள் தவறைப் பிடிக்கிற முறையை மாற்றினார்கள். அந்தப் புதுமுறைக்காகத்தான் இந்த _1 பைல் சேர்ந்தது. பெட்டி 140ஐக் கேட்காமல் _1ஐ மட்டும் கேட்டதென்றால், உங்கள் இரண்டாவது லப்டொப்பில் பழைய பொதி ஏற்கெனவே இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். கொண்ட்ரோல் பனலில் புரோகிராம் பட்டியலைத் திறந்து "விசுவல் சி++ 2015" அல்லது "2017" என்று தனியே கிடக்கிறதா பாருங்கள்.

2015, 2017, 2019, 2022 நாலுக்கும் இப்போது ஒரே பொதிதான். புதியது பழையவற்றுக்கும் பொருந்தும், பழையது புதியதற்குப் பொருந்தாது. எக்ஸ்64 பைல் அவ்வளவு பெரிசு இல்லை. மைக்ரோசொப்ட் தளத்தில் எடுத்துப் பென்ரைவில் போட்டுவையுங்கள், போட நெற் தேவையில்லை.

ஆகவே பந்தலில் உங்களைக் கவிழ்த்தது எம்எஸ்விசி இல்லை, கொப்பி பண்ணின கை. மின்ஜிடபிள்யூ பில்டாக இருந்திருந்தால் அந்தக் கொப்பியும் ஓடியிருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

#9 பாலைப்பழம்

அதைத்தான் நானும் சொன்னேன்.

#10 முதிரை

நீங்கள் அதில் ஒன்றையும் சொல்லவில்லை அண்ணை.

#11 மைக்செட்காரன்

குளக்கட்டு அண்ணை, பார்த்தேன். 2015 என்று ஒன்று கிடக்கிறது! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சாத்திரம் கேட்ட மாதிரி இருக்கிறது.

ஆனால் இன்னொரு கூத்து நடந்துவிட்டது. நேற்றிரவு பொறுமையில்லாமல் மின்ஜிடபிள்யூ பைலை எடுத்து, பழைய போல்டருக்கு மேலேயே போட்டேன். இப்போது வேறு பெட்டி: "க்யூடி பிளட்போர்ம் பிளகினைத் திறக்க முடியவில்லை" என்ற மாதிரி. கடைத் தம்பி போன் எடுக்கிறான் இல்லை.

#12 குளக்கட்டு

இது நான் பயந்த விஷயம்.

க்யூடி என்பது பிளேயரின் சன்னல், பொத்தான்களைக் காட்டுகிற தொகுதி. இரண்டு பில்டிலும் க்யூடியின் டிஎல்எல்களுக்கு ஒரே பெயர். மேலே போட்டால் சில பைல் புதியதாகும், சில பழையதாகவே நிற்கும். உள்ளே பாதி எம்எஸ்விசி, பாதி மின்ஜிடபிள்யூ. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று அறியாது.

ஏன் என்று கேட்பீர்கள். சி++இல் ஒவ்வொரு செயலுக்கும் கொம்பைலர் தன் முறையில் ஒரு உட்பெயர் வைக்கும். எம்எஸ்விசி வைக்கிற பெயர் கேள்விக்குறியில் தொடங்கும். ஜிசிசி வைக்கிற பெயர் அடிக்கோட்டிலும் இசட் எழுத்திலும் தொடங்கும். ஒரு டிஎல்எல் கேள்விக்குறிப் பெயரைத் தேடிப் போகிறது, மற்ற டிஎல்எல்லில் அடிக்கோடு இசட் பெயர்தான் எழுதியிருக்கிறது. வீடு சரி, ஒழுங்கை சரி, படலையில் வேறு பெயர். தபால்காரன் திரும்பிவிடுவான்.

சி மொழியில் மட்டும் எழுதிய டிஎல்எல்லுக்கு இந்தக் கரைச்சல் பெரும்பாலும் இல்லை, அங்கே பெயர் வெறும் பெயர். அதனால்தான் சில பிளகின் எந்தப் பில்டிலும் ஓடும், சில தான் பிறந்த பில்டில் மட்டும் ஓடும்.

செய்யவேண்டியது: பிளேயரை அன்இன்ஸ்ரோல் பண்ணுங்கள். பிறகு அந்தப் போல்டர் இன்னும் கிடக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கிடந்தால் கையால் அழியுங்கள். உங்கள் பாட்டுப் பட்டியல் வேறு இடத்தில், யூசர் போல்டருக்குள் இருக்கும், பயப்படவேண்டாம். ஆனாலும் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். பிறகு ஏதாவது ஒரே ஒரு பில்டைப் போடுங்கள்.

#13 ஏ9பயணி

நான் இடையில் நுழைகிறேன். வேகம் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? இன்டெல் கொம்பைலரில் கட்டிய பில்ட்தான் ஆகவேகம் என்று முந்தி வீடியோ மாற்றுகிற காலத்தில் தேடித்தேடிப் போடுவோம்.

#14 முதிரை

அந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. இன்டெல் கொம்பைலர் கட்டிய புரோகிராம் ஓடத்தொடங்கும்போது சிபியூவின் பெயரைக் கேட்கும். "ஜெனுவின்இன்டெல்" என்று பதில் வந்தால் வேகமான வழி, இல்லாவிட்டால் ஏஎம்டி சிப்பில் அதே வசதி இருந்தாலும் மெதுவான வழி. 2010இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில் இதுவும் ஒரு விஷயமாக வந்தது. ஆகவே "வேகமான பில்ட்" என்றால் யாருடைய மெசினில் என்று கேட்கவேண்டும்.

பாட்டுக்கு வேகம் எதற்கு? எம்பி3 ஒன்றை ஓட்டுவதற்கு 2011ஆம் ஆண்டு ஐ3யே தூங்கிக்கொண்டு செய்யும். நான் ஒரு அல்பத்தை இரண்டு பில்டிலும் பிளக் (எப்எல்ஏசி) பைலிலிருந்து எம்பி3க்கு மாற்றிப் பார்த்தேன். ஒரே பில்டில் மூன்று தரம் மாற்றினால் மூன்று தரமும் வேறு நேரம் காட்டியது. இரண்டு பில்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு அளப்பதை விட்டுவிட்டேன்.

குரோம் 2018இல் 64ஆம் பதிப்போடு விண்டோசில் எம்எஸ்விசியை விட்டுவிட்டு கிளாங் என்ற மூன்றாவது கொம்பைலருக்கு மாறியது. பயர்பொக்ஸும் அதே ஆண்டு 63ஆம் பதிப்பில் மாறியது. இங்கே யாராவது ஒருவருக்குத் தெரிந்ததா?

#15 பாலைப்பழம்

எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிரஷ் ஆனால் என்ன செய்வீர்கள்? எம்எஸ்விசி பில்டில் விழுந்தால் விண்டோஸ் எடுக்கிற டம்ப் பைலை, டெவலப்பர் தன்னிடம் இருக்கிற பிடிபி என்ற அடையாளப் பைலோடு வின்டிபக் என்ற மைக்ரோசொப்ட் கருவியில் திறந்து எந்த வரியில் விழுந்தது என்று பார்ப்பார். மின்ஜிடபிள்யூவில் அந்த அடையாளங்கள் வழமையாக ட்வார்ப் என்ற வேறு முறையில் இருக்கும், வின்டிபக்குக்கு அது வெகுகாலம் விளங்கவில்லை, ஜிடிபி என்ற வேறு கருவியைத்தான் எடுப்பார்கள். நான் ஒரு ஒபிசில் ஐரி வேலை பார்க்கிறேன், இது சும்மா கொம்பனிப் பற்று இல்லை.

#16 முதிரை

இது நல்ல காரணம். முதலே இதைச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

#17 குளக்கட்டு

அந்த டிபக் பைலும் இதற்காகத்தான் இருக்கிறது, மைக்செட் அண்ணை. பிளேயர் அடிக்கடி விழுந்தால் டெவலப்பர் "டிபக் பில்ட் போட்டு ஓடவிட்டு என்ன எழுதுகிறது என்று அனுப்புங்கள்" என்பார். வேகம் குறைவு, பெரிசு. எம்எஸ்விசி டிபக் கேட்கிற ரன்டைம் டிஎல்எல்களின் பெயர் முடிவில் ஒரு டி எழுத்து நிற்கும், அவை மேலே சொன்ன பொதியில் வராது. விழாவுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

எக்ஸ்86 என்பது 32 பிட். 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய மெசினுக்கு, அல்லது 32 பிட் பிளகின் ஒன்றைக் கட்டாயம் பாவிக்கிறவருக்கு. உங்களுடையது 64 என்றால் அதை மறந்துவிடுங்கள்.

#18 மைக்செட்காரன்

எல்லாம் துடைத்துவிட்டு மின்ஜிடபிள்யூவை மட்டும் போட்டேன். திறக்கிறது, பாடுகிறது. முதிரைத் தம்பிக்கு ஒரு இளநி கடன்.

ஆனால் (என்னோடு ஒரு "ஆனால்" ஒட்டிக்கொண்டே வரும் போலிருக்கிறது) நான் போல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைப்பவன். "கோயில்", "கலியாணம்", "நாதஸ்வரம் தவில்" என்று. பிளேயரில் எல்லாம் வடிவாகத் தெரிகிறது. பாட்டை எம்பி3 ஆக்கிப் பென்ரைவில் ஏற்றுகிற இடத்தில் மட்டும் "???????? என்ற பைல் இல்லை" என்கிறது. கேள்விக்குறி மட்டும்தான், ஒரு எழுத்தும் இல்லை. குளக்கட்டு அண்ணை சொன்ன கேள்விக்குறியா இது?

#19 பாலைப்பழம்

பார்த்தீர்களா. மின்ஜிடபிள்யூ.

#20 கரும்பலகை (விசுவமடு)

நான் பள்ளிக்கூடத்தில் ஐசிரி படிப்பிக்கிறேன், வாசிப்பதோடு நிற்கலாம் என்றுதான் இருந்தேன். இந்தக் கேள்விக்குறி எங்கள் லாபில் எனக்கு நல்ல பழக்கமானது, அதனால் எழுதுகிறேன். இல்லை, அது உட்பெயரில் வருகிற கேள்விக்குறி அல்ல. இது வேறு.

விண்டோசில் ஒரு புரோகிராம் பைல் பெயரைக் கேட்க இரண்டு வழி. ஒன்று யுனிகோட் வழி, அதில் தமிழ் முழுதாக வரும். மற்றது பழைய "ஆன்சி" வழி. அதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எழுத்துப் பட்டியல், கோட்பேஜ் என்பார்கள். ரஷ்யனுக்கு ஒன்று உண்டு, கிரேக்கத்துக்கு ஒன்று, அரபுக்கு ஒன்று, தாய் மொழிக்குக்கூட ஒன்று. தமிழுக்கு இல்லை. தமிழ் விண்டோசுக்குள் வந்ததே விண்டோஸ் 2000இல், நேரே யுனிகோடாக. பழைய வழியால் கேட்கிற புரோகிராமுக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறிதான் கிடைக்கும். கேள்விக்குறி பைல் பெயரில் வரவே முடியாத எழுத்து, ஆகவே "இல்லை" என்று சொல்லும்.

இப்போது என் கேள்வி. எம்பி3 ஆக்குகிறது பிளேயரா, அல்லது பிளேயர் வேறு ஒரு சின்னப் புரோகிராமைக் கூப்பிட்டுச் செய்கிறதா?

#21 மைக்செட்காரன்

ரீச்சர், வேறு புரோகிராம்தான். பத்து வருசத்துக்கு முதல் ஒரு சிடியிலிருந்து எடுத்த எக்ஸி. செட்டிங்கில் அதன் இடத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். வீட்டு லப்டொப்பில் தமிழ்ப் பெயர் வைத்தது இந்த வருசம்தான், முந்தி இங்கிலீசில் இருந்தது.

#22 கரும்பலகை

அப்படியென்றால் பிளேயர் குற்றவாளி இல்லை. க்யூடி பைல் பெயர்களை யுனிகோட் வழியால்தான் கையாளும், எந்தக் கொம்பைலரில் கட்டினாலும். அந்தப் பழைய எக்ஸிதான் பழைய வழியால் போகிறது.

மின்ஜிடபிள்யூவின் பெயர் இதில் ஏன் அடிபடுகிறது என்றால், அது வெகுகாலம் எம்எஸ்விசிஆர்டி என்ற பழைய ரன்டைமில்தான் சாய்ந்து நின்றது. விண்டோசுக்குள்ளேயே இருக்கிற, எங்கும் கிடைக்கிற பைல், ஆனால் அதற்கு யுடிஎப்-8 (யுனிகோடை எழுதிவைக்கிற ஒரு முறை) தெரியாது. யூசிஆர்டிக்கு விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து தெரியும், புரோகிராமர் கேட்டால். மின்ஜிடபிள்யூவையும் இப்போது யூசிஆர்டியோடு கட்டலாம். எம்சிஸ்2 என்ற தொகுதி 2022 ஒக்ரோபரில் அதையே வழமையாக்கியது. ஆகவே "மின்ஜிடபிள்யூ" என்ற பெயரை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: கவனமில்லாமல் எழுதினால் எம்எஸ்விசியில் கட்டிய புரோகிராமும் இதே கேள்விக்குறியைத்தான் காட்டும். பாலைப்பழம் அண்ணை கோவிக்கவேண்டாம்.

சுருக்கமான வழி: அந்த எக்ஸியின் புதிய பதிப்பை எடுங்கள். அதுவரைக்கும் மாற்றவேண்டிய பாட்டுகளை இங்கிலீஸ் பெயருள்ள ஒரு போல்டரில் போட்டு, பாட்டின் பெயரையும் இங்கிலீசில் வைத்து மாற்றுங்கள்.

#23 நெற்கதிர்

விண்டோஸ் ரீஜன் செட்டிங்கில் "உலக மொழிகளுக்கு யுடிஎப்-8 பாவி" என்று பீட்டா ஒப்ஷன் ஒன்று இருக்கிறதே ரீச்சர். அதைப் போட்டால் பழைய வழியிலும் தமிழ் வரும். இந்தமுறை சிஸ்டம்32 பக்கம் போகவில்லை.

#24 அச்செழுத்து (மல்லாவி)

நான் கலியாணக் கார்ட்டும் நோட்டீசும் அடிக்கிறவன். அந்த ஒப்ஷனை என் கடை மெசினில் போட்டு ஒரு பகல் முழுக்க அழுதேன். பழைய பேஜ் லேஅவுட் புரோகிராம் ஒன்றில் பாமினியில் அடித்து வைத்த பைல்களில் சில எழுத்து வேறாக வந்தது. பாமினி என்பது இங்கிலீஸ் எழுத்துக்கு மேல் தமிழ்ச் சட்டை போட்டது. அடியில் இருக்கிற பட்டியலை மாற்றினால் சட்டை இடம் மாறும். அன்று அடிக்கவேண்டியது ஒரு அந்தியேட்டி அழைப்பிதழ். செத்தவரின் பெயரில் பிழை விட்டால் ஊரில் கடை நடத்தேலாது.

பாட்டுக்கு மட்டும் பாவிக்கிற லப்டொப் என்றால் போட்டுப் பாருங்கள். அச்சு வேலை நடக்கிற மெசினில் வேண்டாம்.

#25 கரும்பலகை

இந்த அனுபவத்தை எழுதியதற்கு நன்றி அண்ணை. எங்கள் அலுவலகத்து மெசினிலும் பாமினிக் கடிதங்கள்தான் பாதி. தொடமாட்டேன்.

#26 ஏ9பயணி

எனக்கும் ஒரு பயன் கிடைத்தது. என் அன்ரிவைரஸ் இந்தப் பிளேயரின் (பெயரைச் சொல்லாவிட்டாலும் எது என்று பிடித்துவிட்டேன்) மின்ஜிடபிள்யூ பைலை டவுன்லோட் ஆனவுடனேயே பிடித்துப் பூட்டிவிட்டது. எம்எஸ்விசி பைலை விட்டது. உண்மையிலேயே வைரசா?

#27 குளக்கட்டு

டெவலப்பரின் டிஜிட்டல் ஒப்பம் இல்லாத, அதிகம் பேர் எடுக்காத பைல் என்றால் விண்டோசின் ஸ்மார்ட்ஸ்கிரீனும் எச்சரிக்கும், சில அன்ரிவைரசும் சும்மா சந்தேகப்படும். மின்ஜிடபிள்யூவில் கட்டிய சின்னப் புரோகிராம்களுக்கு இது கொஞ்சம் கூட நடக்கிறது, வைரஸ் எழுதுகிறவர்களும் இலவசக் கொம்பைலரைத்தானே எடுப்பார்கள். ஆனால் "சும்மாதான்" என்று கண்ணை மூடித் திறந்துவிடாதீர்கள். டெவலப்பரின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததா, அங்கே எஸ்எச்ஏ256 எண் (பைலின் கைரேகை மாதிரி) போட்டிருந்தால் உங்கள் பைலின் எண் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வட்ஸ்அப்பில் வந்த பைல் என்றால் அழியுங்கள்.

மைக்செட் அண்ணைக்கு என் முடிவைச் சொல்கிறேன். டெவலப்பர் தானே தினமும் எதை ஓட்டிப் பார்க்கிறார் என்று அவருடைய பக்கத்தில் தேடுங்கள். "இது பரிந்துரை" என்று ஒன்றைக் குறித்திருந்தால் அதை எடுங்கள், கொம்பைலரின் பெயர் எதுவானாலும். குறிக்கவில்லை என்றால் எம்எஸ்விசி எக்ஸ்64ஐ செட்டப்பாகவே போடுங்கள், ரன்டைம் பொதியைப் பென்ரைவில் வையுங்கள். செட்டப் போட வழியில்லாமல் போல்டரைக் காவித்திரியவேண்டிய நிலை என்றால் மின்ஜிடபிள்யூ. இரண்டு லப்டொப்பிலும் ஒரே பில்ட், ஒரே பதிப்பு. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். இரண்டாவது லப்டொப்பில் என்ன விண்டோஸ்?

#28 மைக்செட்காரன்

விண்டோஸ் 10. 4 ஜிபி ராம்.

#29 குளக்கட்டு

2025 ஒக்ரோபர் 14உடன் அதற்கு மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு முடிந்தது. பாட்டுக்கு மட்டும், நெற் இல்லாமல் என்றால் ஓடட்டும். பாங்க் வேலை அதில் வேண்டாம். க்யூடி 6 விண்டோஸ் 10க்குக் கீழே ஓடாது, ஆகவே விண்டோஸ் 7 மெசினை யாரும் மலிவாகத் தந்தால் வாங்கிவிடாதீர்கள்.

#30 மைக்செட்காரன்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், இடையில் இரண்டு கலியாணம்.

பிளேயரின் பக்கத்தில் தேடினேன். எம்எஸ்விசியைத்தான் எடுக்கச் சொல்லி ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடந்தது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. இரண்டு லப்டொப்பிலும் மின்ஜிடபிள்யூவை அன்இன்ஸ்ரோல் பண்ணி, போல்டரையும் அழித்து, முதலில் ரன்டைம் பொதி, பிறகு பிளேயர். இரண்டாவது லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போய், வைபையை நிறுத்தி, ஜெனரேற்றரில் கொழுவி, ஒரு மணித்தியாலம் நாதஸ்வரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை. மனிசி வந்து "யாருக்குக் கலியாணம்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எம்பி3 ஆக்குகிற எக்ஸியின் புதிய பதிப்பு தமிழ்ப் பெயரை வாசிக்கிறது. பழையதை அழிக்க மனம் வரவில்லை, சிடியோடு ஒரு பெட்டியில் கிடக்கட்டும்.

பென்ரைவில் இப்போது மூன்று பைல்: பிளேயர், பொதி, புதிய எக்ஸி. மேலே ஒட்டுத்துண்டில் "கொப்பி பண்ணாதே, இன்ஸ்ரோல் பண்ணு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், கடைத் தம்பிக்காக.

#31 முதிரை

இளநி?

#32 மைக்செட்காரன்

பில்ட் மாறினாலும் கடன் கடன்தான் தம்பி. வைகாசியில் பந்தலுக்கு வா, மோரும் இருக்கும்.

#33 பாலைப்பழம்

நானும் வரலாமா? கடைசியில் எம்எஸ்விசிதானே போட்டிருக்கிறீர்கள்.